கோஜென்ட் என்றால் என்ன, வேலிட் போதாதா?

கேள்வி, 3 ஜூன் 2025

மகள் பி.ஏ. இரண்டாம் வருஷம். பாடத்தில் 'கோஜென்ட் (cogent) ஆர்கியுமென்ட்' என்று வருகிறது. அகராதியைப் பார்த்தால் வலுவான, நம்பத்தக்க, மறுக்க முடியாத என்று மூன்று போட்டிருக்கிறான். மூன்றும் எப்படி ஒன்றாகும்? என்னைக் கேட்டால் நாம் 'வேலிட் பாயின்ட்' என்று சொல்கிறோமே, அதுதான் இது. வாதம் கோஜென்ட் என்றால் முடிவு உண்மை என்று அர்த்தம், அவ்வளவுதான். மகள் இல்லை என்கிறாள். யார் சொல்வது சரி? வலங்கைமான் பக்கத்திலிருந்து ஓர் அப்பா.

4 ஜூன், காலை

கோஜென்ட் என்றால் கன்வின்சிங். கேட்கிற ஆளை ஒப்புக்கொள்ள வைக்கிற வாதம். வேலிட் வேறு. மகள் சொன்னதே சரி. முடிந்தது.

4 ஜூன், இரவு

முடியவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காலையில் எழுதிவிட்டேன், இப்போது படித்தால் எனக்கே ஒப்பவில்லை.

நான் கும்பகோணம் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்தொரு வருஷம் இருந்தவன். டைப்ரைட்டரில் ஆரம்பித்து கம்ப்யூட்டரில் முடித்தேன். இந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்பீல் மனு என்றால் 'கீழ்க்கோர்ட் எந்த கோஜென்ட் ரீசனும் சொல்லாமல் தள்ளுபடி செய்துவிட்டது' என்று ஒரு வரி இல்லாமல் இருக்காது. நாம் எதிர்த்தரப்பில் இருந்தால் 'கீழ்க்கோர்ட் கோஜென்ட் ரீசன்களைக் காட்டித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது' என்று இருக்கும். இரண்டு வரியையும் ஒரே வாரத்தில் வெவ்வேறு கட்சிக்காரருக்காக நானே அடித்ததும் உண்டு. அர்த்தம் தெரிந்து இல்லை. சீனியர் சொல்லச் சொல்லக் கை அடிக்கும், அவ்வளவுதான். வாயால் சொல்லும்போது பத்து வருஷம் 'காகென்ட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் திருத்தவில்லை. 'கோ'வுக்கு அழுத்தம் கொடுத்து 'கோஜன்ட்' என்று சொல்ல வேண்டும் என்பது ஒரு ஜூனியர் பெண் சிரித்தபோதுதான் தெரிந்தது.

சரி, காலையில் எங்கே தப்பு செய்தேன் என்றால், கன்வின்ஸ் ஆவது கேட்கிறவர் தலையைப் பொறுத்தது. எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வாய்க்கால் எல்லைத் தகராறு. சர்வேயர் நட்ட கல், பழைய பத்திரம், எஃப்எம்பி என்கிற நில அளவைப் படம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின. அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காக அந்த ஆதாரம் கோஜென்ட் இல்லை என்று ஆகிவிடாது. மாறாக, மாதச் சீட்டு பிடிக்க வந்த ஓர் ஆள் ஒரே சாயங்காலத்தில் எங்கள் தெரு முழுவதையும் கன்வின்ஸ் செய்துவிட்டுப் போனார். (என் வீட்டுக்காரி நீங்கலாக. அவள் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு லாபம் வந்தா ஏன் சைக்கிள்ல வர்றாரு?")

ஆகவே என் திருத்தம்: ஒப்புக்கொள்ள வைத்தால் கன்வின்சிங். ஒப்புக்கொள்ளத் தகுந்த பலம் காரணங்களிலேயே இருந்தால் கோஜென்ட். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் அகராதிக்காரர்கள் ஒன்றுக்கு மற்றதைப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

6 ஜூன்

வேலிட் பற்றிச் சொல்லாமல் விட்டேன் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். பேரனுடைய தர்க்கப் புத்தகத்தை இரண்டு நாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதில் புரிந்ததைச் சொல்கிறேன்.

நாம் பேச்சில் 'வேலிட் பாயின்ட்' என்றால் 'நியாயமான பேச்சு' என்று அர்த்தம். ரீசார்ஜ் கடையில் வேலிடிட்டி 28 நாள். பஸ் பாஸ் வேலிட், லைசென்ஸ் வேலிட். தர்க்கப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. அங்கே வேலிட் என்றால் கட்டுமானம் மட்டும்தான். முன்னால் சொன்னவை உண்மையாக இருக்கும் பட்சத்தில் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்கிற அமைப்பு. முன்னால் சொன்னவை உண்மையா என்று அது கேட்பதே இல்லை. உதாரணம் நானே செய்தது:

குளமெல்லாம் கடலில் கலக்கும். மகாமகக் குளம் ஒரு குளம். ஆகவே மகாமகக் குளம் கடலில் கலக்கும்.

இது நூற்றுக்கு நூறு வேலிட். 2028-ல் அடுத்த மகாமகத்துக்கு வருகிறவர்கள் கடல் எங்கே என்று தேடப் போகிறார்கள், ஆனாலும் வேலிட். இந்த ஒன்றே வலங்கைமான்காரருக்குப் பாதி பதில்.

வேலிடாகவும் இருந்து, முன்னால் சொன்னவையும் உண்மையாக இருந்தால் அதற்குப் பெயர் 'சவுண்ட்'. சவுண்ட் ஆர்கியுமென்ட் என்றால் சவுண்டு விடுவது இல்லை, டீக்கடை அன்பர்கள் கவனிக்க. இந்த சவுண்டுக்கும் ஒலிக்கும் உறவே கிடையாது, பழைய ஆங்கிலத்தில் நோய்நொடி இல்லாத, ஆரோக்கியமான என்று பொருள் தந்த சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் ஆரோக்கியத்துக்கு 'கெசுண்ட்' என்கிறார்கள். இதற்கு முன் 'சவுண்டான வாதம்' என்று நான் எங்காவது எழுதியிருந்தால் சத்தம் போட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கோஜென்ட். எல்லா வாதமும் குளம்-கடல் மாதிரி முடிவை இறுக்கிக் கட்டுவதில்லை. வானம் கருத்திருக்கிறது, கிழக்கே மின்னுகிறது, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது, ஆகவே மழை வரும். இது உறுதி இல்லை, ஆனால் வரத்தான் வாய்ப்பு அதிகம். இந்த வகையில் ஆதாரம் முடிவை நன்றாகத் தாங்கினால் 'ஸ்ட்ராங்'. தாங்கவும் செய்து, சொன்ன ஆதாரங்களும் உண்மையாக இருந்தால் 'கோஜென்ட்'. அங்கே வேலிட், சவுண்ட். இங்கே ஸ்ட்ராங், கோஜென்ட்.

ஆகவே கோஜென்டான வாதத்தின் முடிவு பொய்யாகவும் போகலாம். மழை வராமலே போகலாம். மகள் ஜெயித்தாள், அப்பா தோற்றார்.

7 ஜூன்

திருவாரூர் தம்பி ஒருவர் பிடித்துவிட்டார். 4ஆம் தேதி கோஜென்ட் என்பது காரணங்களின் பலம் என்றேன், 6ஆம் தேதி ஆதாரம் உண்மையாகவும் இருக்க வேண்டும் என்றேன், இரண்டும் ஒன்றில்லையே என்கிறார். ஒன்றில்லைதான். 4ஆம் தேதி சொன்னது நாலு பேர் பேசுகிற ஆங்கிலம், 6ஆம் தேதி சொன்னது பாடப்புத்தக ஆங்கிலம். தேர்வு எழுதுகிற பெண் 6ஐப் பிடித்துக்கொள்ளட்டும். மனு அடிக்கிறவர் 4ஐ.

10 ஜூன்

இரண்டு நாளாக இந்தச் சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் திட்டு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1650களில் நுழைந்திருக்கிறது. வேர் லத்தீன் 'கோகெரே'. 'கோ' என்றால் சேர்த்து. 'ஆகெரே' என்றால் ஓட்டுவது, மாட்டை ஓட்டுகிறோமே அந்த ஓட்டுவது. சேர்த்து ஓட்டுவது, ஒரு இடத்தில் கொண்டுவந்து திரட்டுவது, அப்புறம் அதிலிருந்து கட்டாயப்படுத்துவது.

படித்ததும் எனக்குக் கண்முன் வந்தது கீதாரிதான். சம்பா அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கிற காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு நம் பக்கம் வருவார்கள், நாமும் எருவுக்காக வயலில் கிடை போடச் சொல்வோம். சின்ன வயதில் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. நூற்றுக்கணக்கான ஆடு நாலு திக்கிலும் மேய்ந்துகொண்டிருக்கும். ஓர் ஆள் அந்தக் கோடியில், ஒரு பையன் இந்தக் கோடியில், வாயில் ஒரு சத்தம், கையில் ஒரு கம்பு. அரை மணி நேரத்தில் எல்லாம் பட்டிக்குள் இருக்கும். அதற்கு என்ன சொல்வோம்? 'ஆட்டை மடக்கு' என்போம்.

மடக்கு! பேச்சில் ஒருத்தன் வசமாகச் சிக்கிக்கொண்டால் என்ன சொல்கிறோம்? 'நல்லா மடக்கிட்டான்' என்கிறோம். லத்தீன்காரன் ஆடு ஓட்டுகிற சொல்லை வாதத்துக்குக் கொண்டுபோனான், நாமும் அதையேதான் செய்திருக்கிறோம், யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன், "நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகணும், படுங்க" என்று பதில் வந்தது.

அதே கோகெரேயிலிருந்து இன்னொன்றும் வருகிறது. பாலைத் திரிய வைக்கிற பொருளுக்கு லத்தீனில் 'கோவாகுலம்' என்று பெயர், ரத்தம் உறைவதற்கு டாக்டர்கள் சொல்கிற 'கோயாகுலேஷன்' அதன் வழி வந்ததுதான். சிதறிக் கிடக்கிற பாலை ஒன்றாகத் திரட்டுகிறதல்லவா. நம் உறைமோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கோகிட்டோ', அதாவது 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று தத்துவஞானி தெகார்த் சொன்னதில் வருகிற சிந்தனையும் இந்த ஓட்டுகிற குடும்பம்தான். மனசுக்குள் எண்ணங்களை அங்குமிங்கும் ஓட்டுவது சிந்தனை, ஓட்டி ஒரு பட்டியில் சேர்த்தால் கோஜென்ட். இரண்டு பக்கமும் ஓட்டினால்? 'ஆம்பிகுவஸ்', அதாவது இருபொருள்படுவது, குழப்பம். அதுவும் அதே ஆகெரேதான். இதை நான் கட்டிவிடவில்லை, ஆங்கில அகராதிகளிலேயே இருக்கிறது.

12 ஜூன்

மேட்டூர் திறந்தாயிற்று. இன்றைக்கு இந்தக் கேள்வி பதில் இழை ஓடாது, எல்லாரும் நாற்றங்காலில் இருப்பீர்கள்.

12 ஜூன், இரவு

ஓடியிருக்கிறதே. கோஜென்டாக இருந்தும் முடிவு பொய்யாகப் போன வாதத்துக்கு நம்மூர் உதாரணம் கேட்கிறீர்கள். இன்றைய தேதியே உதாரணம், என் பணமே சாட்சி.

குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்த நாளில் திறக்கவில்லை. 2020-ல் ஜூன் 12. 2021-ல் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2023-ல் மறுபடி ஜூன் 12. இதைப் பார்த்துவிட்டு 2024-ல் நான் மைத்துனரிடம் சொன்னேன்: "நாலு வருஷமா தவறல, இந்த வருஷமும் திறந்துடுவாங்க மாப்ள, ஏடிடி 45 விதையை வாங்கிப் போடு." அவர் வாங்கினார். போர் தண்ணீரில் நாற்றும் விட்டார். ஜூன் 12 வந்தது, போனது. ஜூலையும் போகப் பார்த்தது. திறந்தது ஜூலை 28. நாற்று முற்றிப்போய், மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். விதைக்காசைப் பாதி நான் கொடுத்தேன், அவர் அதைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நாலு வருஷ ஆதாரம், அத்தனையும் உண்மை, முடிவு பொய். ஆகவே கோஜென்ட், ஆனால் தப்பு. இப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

13 ஜூன்

நேற்று எழுதியதை வெட்டுகிறேன். அது கோஜென்டே இல்லை.

மைத்துனர் மகன், இன்ஜினியரிங் படிக்கிறவன், நேற்று இரவு இதைப் படித்துவிட்டு போனில் பிடித்தான். "மாமா, நாலு வருஷ கணக்கு சொன்னீங்க, சரி. அந்த வருஷம் அணையில தண்ணி எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" தெரியும். தினமும் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் எனக்குக் காப்பி இறங்காது. 120 அடி அணையில் பாதிகூட இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2023-ல் நாளுக்குத் திறந்தும் கடைமடைக் குறுவை காய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மைத்துனரிடம் பேசும்போது அதைச் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, நாலு வருஷக் கணக்கு அழகாக இருந்தது, இது அந்த அழகைக் கெடுத்தது, விட்டுவிட்டேன்.

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. ஆதாரம் உண்மையாக இருந்தால் போதாது, தெரிந்த ஆதாரத்தில் முடிவைக் கவிழ்க்கக்கூடியது எதையும் வெளியே விட்டிருக்கக் கூடாது, அப்போதுதான் கோஜென்ட். வேலிட் வாதத்துக்கு இந்த நிபந்தனை தேவையில்லை, குளம் கடலில் கலந்தால் கலந்ததுதான், புதிதாக எதைச் சேர்த்தாலும் அந்தக் கட்டுமானம் ஆடாது. இந்த வகை வாதத்துக்கு மட்டும்தான், ஒரே ஒரு ஆடு வெளியே நின்றால் பட்டியே காலி.

பையனிடம் "நல்லா மடக்கிட்டடா" என்றேன். "உங்களை மடக்கல மாமா, உங்க பாயின்ட்டைத்தான்" என்றான்.

இது 10ஆம் தேதி எழுதியதையும் சேர்த்து அடிக்கிறது. மடக்குவது என்று தமிழில் சொல்லும்போது ஆளை மடக்குகிறோம். குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்குவது ஒரு வித்தை, அதற்கு உண்மை அவசியமே இல்லை. நான் பார்த்த ஒரு வக்கீல், நிஜத்தைச் சொன்ன ஒரு கிழவியை "மணி என்ன?", "கடிகாரம் கட்டியிருந்தீங்களா?", "அப்ப எப்படித் தெரியும்?" என்று மூன்றே கேள்வியில் மடக்கி அழ வைத்தார். அதில் கோஜென்ட் எதுவும் இல்லை. கோஜென்டில் மடக்க வேண்டியது காரணங்களை. எதிராளி பட்டிக்கு வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

15 ஜூன்

மயிலாடுதுறை அம்மா ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்குத் தேவையா" என்கிறார். அம்மா, நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து பஸ் ஏறினால் பூம்புகார். அந்த ஊரில் பிறந்த மணிமேகலையின் கதையில் கடைசிக்கு முந்தின காதை பெரும்பாலும் தர்க்கப் பாடம்தான். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதோடு நிற்காமல் இந்த மூன்றிலும் எங்கெங்கே போலி நுழையும் என்று பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என வரிசையாக அடுக்குகிறார். அந்தக் காதையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்கு நடத்தவில்லை, கதை இல்லை, பட்டியல் என்று தாண்டிவிட்டார்கள். என்னுடைய நாலு வருஷக் கணக்கை அடிகள் பார்த்திருந்தால் ஏதுப் போலியில் எந்த அறையில் போடுவார் என்று தெரியவில்லை, பட்டியல் நீளம்.

குறளில் சொல்வன்மை அதிகாரத்தைப் பாருங்கள். கேட்டவரைப் பிணிக்கும் சொல் என்று ஒரு குறள், இன்னொரு சொல் வந்து வெல்ல முடியாத சொல்லாகப் பார்த்துச் சொல் என்று இன்னொரு குறள். கன்வின்ஸ் என்பதன் லத்தீன் வேர் வெல்லுவது. ஆனால் வள்ளுவர் அங்கே வெல்லச் சொல்வது ஆளை இல்லை, சொல்லைச் சொல் வெல்லுவது. மைத்துனர் மகன் சொன்னதும் அதுதானே.

16 ஜூன்

தமிழில் ஒற்றைச் சொல் கேட்டவருக்கு: 'மறுக்க முடியாத' வேண்டாம், அது அளவுக்கு மீறியது, கோஜென்டை மறுக்கலாம். 'ஏற்கத்தக்க' ரொம்பச் சாது. 'நெத்தியடி', 'நச்' இரண்டும் வேகத்தைச் சொல்கின்றன, பலத்தை இல்லை. கோர்ட்டுத் தமிழில் 'தக்க காரணம்' என்றே போட்டுவிடுவோம், பல இடத்தில் அதுவே போதும். என் மனசில் 'வலுவான' பரவாயில்லை. 'பிடிமானமுள்ள' என்று எழுதலாமா என்று யோசித்தேன், கைப்பிடி வைத்த டம்ளர் மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன்.

19 ஜூன்

டீக்கடையில் இன்று காவிரி. நியாயமாகக் கோஜென்ட் என்றால் என்ன என்று பேசப்போய் அங்கே போய் நின்றது. 2007 நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. குறைந்த 14.75-ல் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம் நம்மிடம் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது, மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு.

ஒருவர் சொன்னார், நிலத்தடி நீர் இருப்பது உண்மை, ஆகவே கோஜென்ட். இன்னொருவர் கொதித்தார்: "ஆத்துல தண்ணி வந்தாத்தான்யா நிலத்துக்கு அடியில தண்ணி. ஆத்துத் தண்ணியக் குறைச்சிட்டு அடியில இருக்குன்னு கணக்குக் காட்டினா?" என் கருத்து இரண்டாமவர் பக்கம், ஆனால் நான் டெல்டாக்காரன், எனக்கு அது கோஜென்டாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை. கர்நாடகத்து மாண்டியாவில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அந்த இடத்தில் டீ ஆறிப்போயிற்று.

கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டே வருகிறது என்று சொல்ல மறந்துவிட்டேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எப்போதும் இப்படித்தான்.

27 ஜூன்

கோஜென்டும் கோஹரென்டும் ஒன்றா என்று கேள்வி. ஒலிதான் பக்கம். கோஹரென்ட் என்றால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது, முன்னுக்குப் பின் முரண் இல்லாதது. பொய்க் கதையும் அழகாக ஒட்டும். சொல்லப்போனால் பொய்தான் ரொம்ப ஒட்டும். மூன்று சாட்சிகள் வந்து ஒரே வார்த்தையில், ஒரே வரிசையில், இரவு ஒன்பதே காலுக்கு என்று சொன்னால் எங்கள் சீனியர் காதுக்குள் சொல்வார், "பாடம் நல்லா நடத்தியிருக்காங்கடா." கோஹரென்ட், கோஜென்ட் இல்லை.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளில்தான் இந்தச் சொல்லுக்கு நிஜமான வேலை. சந்தர்ப்ப சாட்சியம் பற்றி 1984-ல் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகள் சொன்னது, பஞ்சசீலம் என்றே அதற்குப் பெயர் வைத்தது. சுருக்கமாகச் சொன்னால், சந்தர்ப்பம் ஒவ்வொன்றும் முழுதாக நிரூபணமாக வேண்டும், 'ஆகியிருக்கலாம்' போதாது. எல்லாம் சேர்ந்து குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். வேறு விளக்கம் எதற்கும் இடம் இருக்கக் கூடாது. சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். நான் இதை எத்தனை வாதுரையில் அடித்திருக்கிறேன், அப்போதெல்லாம் மனப்பாடம். இப்போது படித்தால் கிடை மடக்குகிற மாதிரியே இருக்கிறது. ஒவ்வொரு ஆடாக எண்ணு, உன் ஆடுதானா பார், வேலியில் இடைவெளி இருக்கிறதா பார்.

(கீதாரிகள் இப்போது அவ்வளவாக வருவதில்லை. வருகிறவர்களும் ஆட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லாரியில் ஏற்றி இறக்கினால் கோஜென்ட் ஆகாதா என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.)

2 ஜூலை

வலங்கைமான்காரர் எழுதியிருக்கிறார். மகளிடம் மன்னிப்புக் கேட்டாராம், அவள் "மேட்டூர் உதாரணத்தை எழுதட்டுமா" என்று கேட்டாளாம். தாராளமாக. மைத்துனர் பெயரை மட்டும் போட வேண்டாம்.

8 அக்டோபர்

மூன்று மாதம் கழித்து இந்த இழையை மேலே இழுக்கிறேன், சொல்லாமல் இருந்தால் மனசு ஆறாது.

குறுவை அறுத்தாயிற்று. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஐந்து நாள் காவல். முறை வந்ததும் ஈரப்பதம் பார்க்க மீட்டரை வைத்தார்கள், 19.2 சதவீதம். எல்லை 17. எடுக்க முடியாது என்றார் அங்கிருந்த தம்பி. நான் சும்மா இருப்பேனா, முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஒன்று, எனக்கு முன்னால் எடுத்த நெல் என் வயலுக்கு அடுத்த வயல். இரண்டு, ஒரே ரகம், ஒரே நாளில், ஒரே மிஷினில் அறுத்தது. மூன்று, இரண்டு பேர் நெல்லும் ஒரே களத்தில் ஒரே வெயிலில் காய்ந்தது. நாலு, அவர் நெல் 16.8 என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் மீட்டரில் கோளாறு. சுற்றி நின்றவர்கள் "ஐயா சொல்றது கரெக்ட்டுதானே" என்றார்கள். கூட்டமே கன்வின்ஸ் ஆகிவிட்டது. அந்தத் தம்பி பதில் பேசவில்லை, வேறொரு மீட்டரை எடுத்து வந்து மறுபடி வைத்தார். 19.0.

கோபத்தோடு வெளியே வந்து குவியல் மேல் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை இரவு ஒரு தூறல். தார்ப்பாய் வடக்கு மூலையில் கிழிந்திருப்பது எனக்குத் தெரியும், கட்டையை வைத்து அமுக்கினேன். காலையில் அந்த மூலை நெல் கையில் ஒட்டியது. கிளறிவிட்டேன், காய்ந்துவிடும் என்று. அடுத்த வயல்காரருடைய தார்ப்பாய் புதுசு. உள்ளே நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அடுக்கும்போது அந்த மூலை என் வாயில் வரவே இல்லை.

மைத்துனர் மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, "தார்ப்பாய் மாத்துங்க மாமா" என்றான்.

ரோட்டோரம் மூன்று நாள் பரப்பிக் காய வைத்தோம், வீட்டுக்காரியும் நானும் மாறி மாறிக் காலால் கிளறினோம். இன்றைக்கு 16.4. 62 சிப்பம் எடுத்துக்கொண்டார்கள்.